10.93-இல் ஏமாந்து 10.61-இல் பிடித்தது

மழைக்காலத்தில் நான்கு வார இறுதிகள் வீணாகப் போகாமல் இருக்க ஒரு வேலை எடுத்துக்கொண்டேன். சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி 2005-இல் எடுத்த பழைய தரவை இறக்கி, வெஸ்டர்லுண்ட் 1 என்ற விண்மீன் கொத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு நியூட்ரான் விண்மீனின் (செத்துப்போன பெரிய விண்மீனின் சுருங்கிய மிச்சம்) துடிப்பை என் மடிக்கணினியிலேயே கண்டுபிடிக்க வேண்டும். விடை முன்பே தெரியும். மைக்கேல் முனோவின் குழு அதைக் கண்டுபிடித்து 2006-இல் வெளியிட்டுவிட்டது, சுழற்சிக்காலம் 10.61 விநாடி. விடை தெரிந்த கணக்கைப் போடுவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நான் வானியல் படித்தவன் இல்லை. பகலில் கணக்கு வழக்கு மென்பொருள் எழுதுகிறவன். லினக்ஸ் தெரியும், பைத்தான் தெரியும், எட்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. இந்த வேலைக்கு இவ்வளவு போதும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வெஸ்டர்லுண்ட் 1 தெற்கு வானில் பீடம் என்ற விண்மீன் குழுவில், சுமார் 13,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1961-இல் பெங்ட் வெஸ்டர்லுண்ட் கண்டுபிடித்தார். ஜூன் மாத நள்ளிரவில் கன்னியாகுமரியில் நின்று பார்த்தால், விருச்சிகத்தின் வாலுக்குக் கீழே, தெற்குத் தொடுவானத்திலிருந்து 36 பாகை உயரத்தில் அது இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் அவ்வளவு தூசி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நம்மிடம் வந்து சேர்வதில்லை. எக்ஸ்-கதிருக்கு அந்தத் தூசி அவ்வளவு பெரிய தடை இல்லை, மென்மையான கதிர்கள் மட்டும் விழுங்கப்படும். உள்ளே பார்க்க அதுதான் நல்ல வழி.

உள்ளே இருப்பவை சாதாரண விண்மீன்கள் அல்ல. உல்ஃப்-ராயே வகையில் மட்டும் இரண்டு டஜன். சூரியனைப்போல முப்பது, நாற்பது மடங்கு நிறையுள்ள ராட்சதர்கள், விநாடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் காற்றை ஊதித் தள்ளுகிறார்கள். இரட்டை விண்மீன்களில் அந்தக் காற்றுகள் மோதும் இடத்தில் வாயு கோடிக்கணக்கான பாகை சூடாகி எக்ஸ்-கதிர் விடும். இதுபோக, ஒவ்வொன்றாகப் பிரித்தறிய முடியாத சின்ன விண்மீன்களும் சூடான வாயுவும் சேர்ந்த ஒரு மங்கிய படலம் கொத்து முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தப் படலம் பின்னால் எனக்கு வைத்த ஆப்பைச் சொல்கிறேன்.

முதல் வார இறுதி முழுவதும் நிறுவுவதிலேயே போனது. சந்திரா தரவுக்கென்று ஒரு மென்பொருள் தொகுப்பு உண்டு. அதன் பெயர் இத்தாலியர்கள் வணக்கம் சொல்லும் சொல். சரியாக உச்சரித்துத் தமிழில் எழுதினால் அபசகுனமாக இருக்கும், ஆகவே சியாவ் என்று வைத்துக்கொள்வோம். கோண்டா என்ற நிறுவும் கருவி வழியாக ஒரே கட்டளையில் வந்துவிடும் என்று போட்டிருந்தார்கள். வந்தது. ஆனால் அளவுத்திருத்தக் கோப்புகள் சில ஜிபி, எங்கள் வீட்டு இணைப்பில் அதற்கு ஒரு இரவு பிடித்தது. தரவுக்குக் காசு இல்லை, கணக்குத் திறக்க வேண்டியதும் இல்லை. பார்வை எண்ணைக் கொடுத்தால் இறங்கிவிடும். எனக்கு வேண்டியவை 5411, 6283 என்ற இரண்டு. 2005 மே 22 அன்று ஒன்று, ஜூன் 18 அன்று இன்னொன்று. ஜூன் மாதத்து நீளமானது பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், மே மாதத்துக் குட்டையானது ஐந்து மணி நேரம். தொலைநோக்கிக்குப் பெயர் தந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். இறங்கும் கோப்புகளின் பெயர்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த நினைப்பு வந்து கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான், வேலைக்கு வருவோம்.

இறங்கியதும் சந்திரா ரெப்ரோ என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். அது பழைய தரவை இன்றைய அளவுத்திருத்தத்தோடு மறுபடி பதப்படுத்தி, ஒரு நிகழ்வுக் கோப்பைத் தரும். இந்தக் கோப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. படமே இல்லை, வெறும் அட்டவணை. ஒரு வரிக்கு ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள்: எத்தனை மணிக்கு வந்தது, எந்த இடத்தில் விழுந்தது, அதன் ஆற்றல் என்ன. நம் கடைப் பில் புத்தகம் மாதிரி. படம் வேண்டுமானால் இடத்தை வைத்து அடுக்கிக்கொள், நிறமாலை வேண்டுமானால் ஆற்றலை வைத்து அடுக்கிக்கொள், துடிப்பு வேண்டுமானால் நேரத்தை வைத்து. எல்லாம் அதே வரிகள்தான்.

டிஎஸ்9 என்ற படம் காட்டியில் திறந்தால் முதலில் முழுக்கக் கறுப்பு. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன், அரை நாள் வேஸ்ட். அளவை லாக்குக்கு மாற்றி, ஆற்றலை 500 முதல் 8,000 எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் வடிகட்டினால் கொத்து எழுந்து வரும். நடுவில் நெருக்கமாகப் புள்ளிகள், சுற்றிப் படலம். தென்கிழக்கே, மையத்திலிருந்து ஒன்றரை ஆர்க்நிமிடத்துக்குச் சற்று மேல் தள்ளி (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்விநாடி), தனியாக ஒரு பளிச்சென்ற புள்ளி. அக்கா மகள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இது ஸ்டாரா, ஸ்கிரீன்ல கறையா?" என்றாள். திரையைத் துடைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதுதான் நாம் தேடும் ஆள். அதன் பெயரிலேயே விலாசம் இருக்கிறது: சிஎக்ஸ்ஓயூ ஜே164710.2-455216. வல ஏற்றம் 16 மணி 47 நிமிடம் 10.2 விநாடி, நடுவரை விலக்கம் தெற்கே 45 பாகை 52 நிமிடம் 16 விநாடி. அந்த எண்களை அப்படியே டிஎஸ்9-இல் அடித்தால் குறுக்குக்கோடு நேராக அந்தப் புள்ளியில் போய் உட்கார்ந்தது.

இனித்தான் வேலை. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஃபோட்டான்களை மட்டும் டிஎம்காப்பி கட்டளையால் தனியே எடுத்தேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாதென்று தாராளமாக 20 ஆர்க்விநாடி ஆரம் வைத்தேன். தாராளம் செய்த தப்பு முதல் தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நேரங்களை ஐந்து ஐந்து விநாடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை ஃபோட்டான் என்று எண்ணி, ஃபூரியே உருமாற்றம் போட்டேன். எந்த இடைவெளியில் எண்ணிக்கை திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறதோ, அங்கே வரைபடத்தில் ஒரு முகடு எழும். ஏன் ஐந்து? பத்து விநாடித் துடிப்பைப் பிடிக்க ஐந்து போதும் என்று மனக்கணக்கு. முகடு வந்தது! தரையிலிருந்து விளக்குக் கம்பம் மாதிரி எழுந்து நின்றது. கொஞ்சம் தள்ளிக் குட்டையாக இன்னொன்றும் இருந்தது, அதை நான் கண்டுகொள்ளவில்லை. உயர்ந்த முகட்டின் மேல் சுட்டியை வைத்துப் படித்தேன்: 10.93 விநாடி.

10.61 அல்லவா வர வேண்டும்? கிட்டத்தட்டச் சரி என்று மனசு சமாதானம் சொன்னது. அதோடு எனக்கு ஒரு காரணமும் தயாராக இருந்தது. நிறைமையத் திருத்தம் இன்னும் செய்யவில்லை. தொலைநோக்கி பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறது. விண்மீனை நோக்கி நகரும்போது துடிப்புகள் நெருங்கியும், விலகும்போது இடைவெளி விட்டும் வரும். ஆகவே எல்லா நேரங்களையும், சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தில் நின்று பார்த்தால் எப்போது வந்திருக்குமோ அந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஆக்ஸ்பேரி என்று ஒரு கட்டளை, தொலைநோக்கியின் சுற்றுப்பாதைக் கோப்பையும் கேட்கும். தேடிக் கொடுத்து ஓட்டினேன். மறுபடி ஃபூரியே.

10.93. அப்படியே நின்றது. இம்மியும் அசையவில்லை.

இங்கே நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் பேப்பரில் போட்டேன். பூமியின் வேகம் விநாடிக்கு 30 கிலோமீட்டர், ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆக, இந்தத் திருத்தம் 10.61 விநாடியை அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு விநாடி மாற்றும். எனக்கு வேண்டியது 0.32 விநாடி. அதுவும் ஜூனில் அதிகபட்சமே வராது. அந்த மாதம் இந்தக் கொத்து நள்ளிரவில் உச்சிக்கு வருகிறது என்றால், அது சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பூமி அதை நோக்கியும் போவதில்லை, விலகியும் போவதில்லை, ஏறக்குறையக் குறுக்காகப் போகிறது. திருத்தம் எதையும் மாற்றாமல் விட்டது முழுக்க நியாயம்.

சரி, அப்படியென்றால் 10.93 எங்கிருந்து வருகிறது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அலுவலகப் பழக்கம் காப்பாற்றியது. ஒரு கணக்கில் ஐயம் வந்தால், ஐயமே இல்லாத வேறொரு கணக்கை அதே வழியில் ஓட்டிப் பார்ப்போம். கொத்துக்குள் டபிள்யூ9 என்று ஒரு விண்மீன் இருக்கிறது, எக்ஸ்-கதிரில் பளிச்சென்று தெரியும். நியூட்ரான் விண்மீன் அல்ல, இப்படித் துடிக்க அதற்கு ஒரு காரணமும் கிடையாது. அதற்கு வட்டம் போட்டு அதே நிரலை ஓட்டினேன். அங்கேயும் விளக்குக் கம்பம். 10.93.

துடிப்பது விண்மீன் இல்லை, கேமரா!

சந்திராவின் ஏசிஸ் கேமரா நம் சினிமா கேமரா மாதிரி ஃபிரேம் ஃபிரேமாகத்தான் எடுக்கிறது. 3.2 விநாடி ஒளியைச் சேர்க்கும், 0.04 விநாடியில் படத்தை நகர்த்தும், மறுபடி சேர்க்கும். ஒரு ஃபிரேமுக்குள் ஃபோட்டான் எப்போது வந்தாலும் அந்த ஃபிரேமின் நேரம்தான் அதற்குப் போடப்படும். என் அட்டவணையில் நேரங்கள் எல்லாம் 3.24104 விநாடிப் படிக்கட்டில்தான் நிற்கின்றன. கோப்பின் தலைப்பிலேயே அந்த எண் இருக்கிறது, நான் படிக்காமல் தாண்டிப் போயிருந்தேன்.

இப்போது அந்தப் படிக்கட்டின் மேல் ஐந்து விநாடிக் கட்டங்களை வைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்துக்குள் சில சமயம் இரண்டு ஃபிரேம் விழும், சில சமயம் ஒன்றுதான். பென்சிலால் எழுதிப் பார்த்தேன். சுழியத்திலிருந்து தொடங்கினால் கட்டத்துக்குக் கட்டம் இப்படி வருகிறது: 2, 2, 1, 2, 1, 2, 1, 2, 1, 2, 1, 2, 2, 1. இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஏறக்குறையப் பத்து விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் ஆடுகிறது. நடுநடுவே ஒரு இரண்டு கூடுதலாக வந்து அந்தப் பத்தைச் சற்று நீட்டுகிறது. கணக்காகப் போட்டால்: விநாடிக்கு 0.30854 ஃபிரேம், என் கட்டங்கள் விநாடிக்கு 0.2. அதன் இரு மடங்கு 0.4. வித்தியாசம் 0.09146. அதைத் தலைகீழாக்கினால் 10.93 விநாடி. பழைய படங்களில் ஜட்கா வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுமே, அதே வித்தைதான்.

நான்கு விநாடிக் கட்டம் வைத்திருந்தால் இதே கேமரா 17.1 விநாடியில் பொய்த்துடிப்பைக் காட்டியிருக்கும், நான் உடனே விழித்திருப்பேன். எல்லா எண்களையும் விட்டுவிட்டு ஐந்தைத் தேர்ந்தெடுத்து, உண்மையான விடைக்குப் பக்கத்து வீட்டில் போய் விழுந்தது என் ஜாதகம்.

தாராள வட்டம் செய்த கெடுதலும் இங்கேதான் புரிந்தது. 20 ஆர்க்விநாடி வட்டத்துக்குள் அந்தப் படலமும், பெயர் தெரியாத சின்ன விண்மீன்களும் வந்து கலந்துவிட்டன. அவை 10.61-க்குத் துடிப்பதில்லை, உண்மைத் துடிப்பை நீர்த்துப்போகச் செய்கின்றன. ஆனால் எந்த ஃபோட்டானாக இருந்தாலும் கேமராவின் படிக்கட்டில்தான் நிற்கும், ஆகவே பொய்த்துடிப்புக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து கைகொடுக்கிறார்கள். சந்திராவின் கூர்மை அரை ஆர்க்விநாடி. அப்படிப்பட்ட கருவி கையில் இருக்கும்போது 20 வைத்தது, தேன் எடுக்க அகப்பையைத் தூக்கிக்கொண்டு போனது மாதிரி. இரண்டரை ஆர்க்விநாடிக்குக் குறைத்தேன்.

கட்டங்களையும் தூக்கிப் போட்டேன். கட்டம் இல்லாமல் தேட ஒரு பழைய முறை இருக்கிறது, எனக்கு அது ஃபூரியேயைவிட எளிதாகப் புரிகிறது. ஒரு கடிகாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் முள் 10.61 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றுவதாக வையுங்கள். ஒவ்வொரு ஃபோட்டான் வரும்போதும் முள் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வையுங்கள். சுழற்சிக்காலம் தப்பாக இருந்தால் அடிகள் எட்டுத் திசையிலும் போய், குடிகாரர் நடை மாதிரி புறப்பட்ட இடத்தின் அருகிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். சரியாக இருந்தால் அடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வெகுதூரம் போய்விடுவீர்கள். எவ்வளவு தூரம் போனோம் என்பதுதான் விடை. பைத்தானில் பத்து வரிகூட வராது. 7 விநாடியிலிருந்து 100 வரை நெருக்கமாக ஒவ்வொரு காலத்தையும் கொடுத்து ஓட்டினேன். 6.48-க்குக் கீழே போகக் கூடாது, ஒரு சுற்றுக்கு இரண்டு ஃபிரேமாவது வேண்டுமே.

ஒரே முகடு. 10.61. முன்பு நான் கண்டுகொள்ளாமல் விட்ட குட்டை ஆள் அவர்தான். 10.93 இருந்த இடத்தில் புல் முளைத்த தரை. மே மாதத்துக் குட்டைப் பார்வையைத் தனியாக ஓட்டினேன், அதிலும் 10.61. டபிள்யூ9-ஐ ஓட்டினேன், ஒன்றுமே இல்லை. இரவு ஒன்றரை மணி. எழுப்பிச் சொல்ல ஆள் இல்லாததால் சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

யோசித்தால் வினோதம். இந்த விண்மீனிடமிருந்து ஒரு சுற்றுக்கு ஒரு ஃபோட்டான்கூடச் சராசரியாக வந்து சேர்வதில்லை. பல சுற்றுகள் வெறுமையாகப் போகும், அப்புறம் ஒன்று வரும். துடிப்பு என்று நாம் சொல்வதை எந்தக் கணத்திலும் யாரும் பார்த்ததில்லை. பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 3,400 சுற்றுகள், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தால்தான் மேடு தெரிகிறது.

மடித்துப் பார்த்தேன். ஒரு சுற்றில் ஒரே ஓர் அகலமான மேடு, ஒரு பள்ளம். இரண்டு பார்வைகளையும் சேர்த்து மடிக்க ஆசைப்பட்டு, நடுவில் 27 நாள் இருப்பதை நினைத்து விட்டுவிட்டேன். அதற்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். என் எண்ணின் துல்லியத்தில் எத்தனையாவது சுற்று என்று சொல்லவே முடியாது.

இந்த 10.61-க்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நியூட்ரான் விண்மீனுக்கு இது சோம்பேறிச் சுழற்சி. இவ்வளவு மெதுவாகச் சுற்றும் ஒன்றின் சுழற்சி ஆற்றல், அது விடும் எக்ஸ்-கதிருக்குக் காணாது. ஆகவே காந்தப்புலத்தின் ஆற்றலைச் செலவழித்து வாழும் மேக்னெட்டார் என்று முனோ குழு சொன்னது. 2006 செப்டம்பர் 21 அன்று அது ஒரு சின்ன வெடிப்பு வெடித்து, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் அதைப் பதிவு செய்தபோது மேக்னெட்டார் என்பது உறுதியானது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய தர்க்கம். கொத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயது. நிறை கூடிய விண்மீன்தான் முதலில் சாகும். கொத்தில் இன்னும் உயிரோடு இருப்பவர்களே 35, 40 சூரியன் நிறை என்றால், முன்பே செத்துப்போனவர் 40-க்கும் மேல் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரியது கருந்துளையாகத்தான் முடியும் என்று பலர் நினைத்திருந்தார்கள். இங்கே நியூட்ரான் விண்மீன் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு துணை விண்மீன் இருந்து, மேலாடையை உருவி எடுத்து நிறையைக் குறைத்திருக்கலாம் என்று ஒரு விளக்கம். கொத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்மீனை 2014-இல் அந்தப் பழைய துணையாக அடையாளம் காட்டினார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம். சந்திரா வேண்டுமென்றே லேசாகத் தலையாட்டிக்கொண்டே பார்க்கும், 707 விநாடிக்கு ஒரு முறை ஒரு திசையில், 1,000 விநாடிக்கு ஒரு முறை இன்னொரு திசையில். அந்த இரண்டு எண்களில் முகடு வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். அப்புறம், 2020-21-இல் ஈவாக்ஸ் என்ற திட்டத்துக்காக இதே கொத்தை 36 முறை, மொத்தம் ஏறக்குறையப் பத்து லட்சம் விநாடி பார்த்திருக்கிறார்கள். 5,963 எக்ஸ்-கதிர் மூலங்கள் கிடைத்தன. அந்தத் தரவை இறக்கிப் பார்க்க எனக்கும் ஆசைதான், வட்டில் இடம் இல்லை. தவிர, வருடக்கணக்கில் ஏசிஸின் வடிகட்டியில் படிந்த அழுக்குப் படலத்தால் மென்மையான கதிர்கள் இப்போது முன்னைப்போல் வருவதில்லை. ஆரம்பிப்பவர்களுக்கு 2005 தரவே நல்லது.

எனக்கு மிச்சம் ஒரு வேலை இருக்கிறது. வெடிப்புக்குச் சில நாள் முன்பும், ஒன்றரை நாள் பின்பும் எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இன்னொரு எக்ஸ்-கதிர் தொலைநோக்கி இதே விண்மீனைப் பார்த்தது. முன்பு ஒரே மேடு, பின்பு ஒரு சுற்றில் மூன்று மேடுகள். சந்திராவின் இந்தக் கேமராவால் அதைக் காட்ட முடியாது. மூன்று மேடுகள் என்றால் மூன்றரை விநாடிக்கு ஒன்று, 3.24 விநாடி ஃபிரேம் அவற்றைத் தேய்த்துச் சமமாக்கிவிடும். எக்ஸ்எம்எம்மின் ஒரு கேமரா விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் ஃபிரேம் எடுக்கிறது, அங்கே தெரிய வேண்டும். அதற்கு வேறு மென்பொருள், வேறு அளவுத்திருத்தக் கோப்புகள். நேற்று ராத்திரி இறக்கத்தில் போட்டேன், எழுபது சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. இன்று மறுபடி போட்டிருக்கிறேன். இந்த முறை கோப்பின் தலைப்பை முதலில் படிக்கப் போகிறேன்.